மர வேலி போடும்போது காசு வீணாகும் இடங்கள்

ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டுகிறவர்களுக்கு இப்போது மர வேலி ஆசை கூடியிருக்கிறது. போனில் ஒரு படத்தைக் காட்டி, "ஆசாரி, இதே மாதிரி வேணும்" என்பார்கள். படத்தில் இருப்பது ஏதோ குளிர்நாட்டு வீடு. நம் ஊர்க் கரையானுக்கும் சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் அந்தப் படம் பொறுப்பாகாது. தொழிலுக்குப் புதிதாக வந்த பையன்களும் படத்தைப் பார்த்தே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அளவு பிசகுவது, எல்லைக்கல் தகராறு எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மரக்காலை மண்ணில் புதைப்பது

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டவீடு. வேறு ஆள் போட்ட வேலி. "சாயுது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார் வீட்டுக்கார சார். அத்தனையும் தேக்குக் கழி. அடியில் தார் பூசி, சுற்றிலும் கான்கிரீட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். பார்வைக்குக் கால்கள் புதுசாகத்தான் இருந்தன. தரைமட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை இறங்கியது. காலை ஆட்டியதும் அந்த இடத்திலேயே முறிந்தது. மேலே 5 அடியும் கெட்டி மரம். ஒடிந்த அடிக்கட்டையைக் கான்கிரீட்டிலிருந்து பிடுங்க முடியாமல், ஒவ்வொரு குழியையும் கடப்பாரையால் உடைக்க வேண்டியதாயிற்று. வேலி போட்ட செலவில் பாதி அதற்கே போனது.

மரம் உளுக்க ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு, மேலே ஈரம் நிற்காது. தரையை ஒட்டிய அரை அடியில்தான் இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. சரி, கான்கிரீட் காப்பாற்றாதா என்றால், காப்பாற்றாது. வெயிலில் மரம் சுருங்கியதும் சுற்றிலும் மயிரிழை இடைவெளி விழும். மழைத்தண்ணீர் அதில் இறங்கி வெளியேற வழியில்லாமல் தங்கும். ஈரம் காயாத கழிக்குத் தார் பூசினால் உள்ளே இருக்கும் ஈரமும் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும்.

தேக்கைக் கரையான் தொடாது என்பது வைரத்துக்குத்தான், அதாவது முற்றிய நடுமரத்துக்குத்தான் பொருந்தும். கழியாக விற்பது பெரும்பாலும் இளம்மரம். வெட்டுமுகத்தைப் பாருங்கள், நடுவில் கொஞ்சம் பழுப்பு, சுற்றிலும் வெளிறு, அதாவது வைரம் பாயாத வெளிர்ந்த மரம். அந்த வெளிறைக் கரையான் ருசித்துத் தின்னும். மரவாடியில் பெயரைக் கேட்டு வாங்காமல் வெட்டுமுகத்தைப் பார்த்து வாங்குங்கள். சவுக்குக் கழி சாரத்துக்கு நல்லது. மண்ணில் நட்டால் சீக்கிரமே போய்விடும்.

மரம் மண்ணைத் தொடவே கூடாது. கல்லுக்கால் அல்லது ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) 2 அடி ஆழத்தில் நட்டு, கான்கிரீட்டின் மேல்முகத்தைத் தண்ணீர் வழியும்படி சரிவாகப் பூசி, மரக்காலை அதோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். பைப்பைப் பின்பக்கம் வைத்தால் தெருவிலிருந்து தெரியாது. மரக்காலும் பலகையும் தரையிலிருந்து நாலு விரல்கடை மேலே நிற்கட்டும். இதற்கு ஆகும் கூடுதல் செலவைச் சொன்னதும் முகம் சுருங்கிவிடும். அதே ஆள் கேட்டில் சிங்கமுகம் வைக்க யோசிக்காமல் பணம் கொடுப்பார்!

புதைத்தே தீருவேன் என்றால், அழுத்தத்தில் மருந்து ஏற்றிய மரம் வாங்குங்கள். செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த அந்த மருந்தை 1933-இல் டேராடூனில் கண்டுபிடித்தவர் சொண்டி காமேசம், நம் நாட்டுக்காரர். மருந்தைத் தூரிகையால் பூசிப் பலனில்லை, உள்ளே இறங்காது. ஆர்சனிக் இருப்பதால் குழந்தைகள் கைபடும் இடத்திலும் காய்கறிப் பாத்தி ஓரத்திலும் அந்த மரம் வேண்டாம். அறுத்த துண்டுகளை அடுப்பில் வைக்கவே கூடாது.

இடுக்கில்லாத மறைப்பு

பலகையோடு பலகை ஒட்டி 6 அடிக்கு அடைத்தால் காற்று முழுவதையும் வேலிதான் வாங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, டெல்டாவில் தென்னையே நிற்கவில்லை. கடலோர மாவட்டத்துக்காரர்கள் பலகைக்குப் பலகை ஒரு விரல் இடம் விடுங்கள். மறைப்பு வேண்டுமென்றால் பலகைகளை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அடிக்கலாம். கண்ணுக்கு மறையும், காற்று புகுந்து போகும்.

இரும்பு ஆணி

துரு வடியும். கருவேலம், தேக்கு போன்ற மரங்களில் கறுப்புக் கறையும் விழும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போடுங்கள்.

பிளைவுட்

வெளியில் வேண்டாம். மெரைன் பிளை என்றாலும் வேண்டாம்.

பளபள வார்னிஷ்

வெயிலில் மேல்தோல் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும். அப்புறம் முழுவதையும் சுரண்டித்தான் மறுபடி பூச வேண்டும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய் வகை நல்லது, அடுத்த முறை துடைத்துவிட்டு மேலேயே பூசிக்கொள்ளலாம். படகுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் ஆகும். நிறம் கறுத்துவிடும், தோலில் பட்டால் புண்ணாகும், கையுறை கட்டாயம். பழைய இன்ஜின் ஆயிலைப் பூசலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அது மழையில் கழுவிக் கிணற்றடி மண்ணுக்குத்தான் போகும்.

பச்சை மூங்கில் தட்டி

மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது. வெட்டியதைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்த மூங்கிலாகக் கேளுங்கள். காலுக்கு உள்ளே கெட்டியான கல்மூங்கில், தட்டிக்கு மட்டும் மற்றது.

நாலு பக்கமும் மரம்

தெருவைப் பார்க்கும் பக்கத்துக்கு மரம் போதும். பின்பக்கத்தில் மழைக்கு முன் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நெருக்கி நட்டுவிடுங்கள். முள் இருக்கும், ஆடு நுழையாது, வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து செய்தால் ஆயிற்று.