சிம்னியின் தலையில் வெடிப்பு: பூசினால் போதுமா, உடைத்து வார்க்கவேண்டுமா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950களிலும் 60களிலும் கட்டின பங்களோக்களை வாங்கியிருக்கிற எங்கள் ஆட்கள் நிறையப்பேர். கூரை மாற்றுவார்கள், பேஸ்மென்றைத் திருத்தி வாடகைக்கு விடுவார்கள், சிம்னியின் உச்சியை மட்டும் ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மார்ச் மாதம் பனி கரையத் தொடங்க ஹோல் சீலிங்கில் மண்ணிறக் கறை ஒன்று தெரியும். கூரைக்காரர் வந்து சிம்னியைச் சுற்றி நாலு கூரைத் தகட்டை (சிங்கிள்) மாற்றிக் காசை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த மார்ச்சும் கறை அதே இடத்தில்தான். நான் செங்கல் வேலை செய்கிறவன். இப்படிக் கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலும் பிழை கூரையில் இருப்பதில்லை, சிம்னியின் கிறவுணில்தான்.

உச்சியில் செங்கல்லை மூடிக்கொண்டு, நடுவில் களிமண் புகைக்குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சீமெந்து மூடியைத்தான் சொல்கிறேன். மழையையும் உருகுகிற பனியையும் வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. அந்தக் காலத்து வீடுகளில் செங்கல் கட்டி முடிய மிஞ்சின கலவையையே மேலே அப்பிச் சரிவாக இழுத்துவிட்டிருப்பார்கள். ஓரத்தில் அரை அங்குலம்கூட இராது, செங்கல்லுக்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டியிராது. அதைவிடப் பெரிய பிழை, கலவையைப் புகைக்குழாயோடு ஒட்டவைத்துப் பூசினது. குழாய் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும், கிறவுண் அசையாது. ஒன்று கிறவுண் வெடிக்கும், இல்லையென்றால் குழாய் வெடிக்கும். வெடிப்புக்குள் போன தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பெருக்கிறது. ரொறன்ரோக் குளிரில் பகலில் உருகி இரவில் உறைகிற நாட்கள் நிறைய. மயிரிழை வெடிப்பு இரண்டு மூன்று குளிர்காலத்தில் விரல் நுழைகிற வெடிப்பாகிவிடும்.

ஏணியை எடுக்கமுதல் தரையில் நின்றே பாதி விசயத்தை அறியலாம். ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று போன் கமராவில் பெருப்பித்துப் பாருங்கள். மேல் இரண்டு மூன்று வரிசைச் செங்கல்லில் முகம் உரிந்திருக்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? பிறகு பேஸ்மென்றில் சிம்னியின் அடியில் இருக்கிற சின்ன இரும்புக் கதவைத் திறவுங்கள். வெறும் தூசி இருந்தால் பரவாயில்லை. சிவப்பு ஓட்டுத் துண்டுகள் கிடந்தால் களிமண் குழாய் உடைகிறது. அப்போது கிறவுணை மட்டும் திருத்திப் பிரயோசனமில்லை, முதலில் குழாயைப் பார்க்க ஆள் வேண்டும். விறகு எரிக்கிற வீடென்றால் விறகு அடுப்பையும் அதன் சிம்னியையும் சோதிக்கிறவர்களுக்குக் கொடுக்கிற வெற் (WETT) சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். சிம்னி சாய்ந்திருந்தாலும், மேல் செங்கல்கள் கையால் கழற்றுகிற அளவுக்கு இளகியிருந்தாலும், இரண்டு மாடி வீட்டுச் செங்குத்தான கூரையென்றாலும் நீங்களாக ஏறவேண்டாம்.

மற்றவர்கள் ஏறலாம், ஆனால் ஒழுங்காக. ஏணி நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே நிற்கவேண்டும், கூரை விளிம்புக்கு மேல் மூன்றடி நீட்டவேண்டும், மேலே கட்டியிருக்கவேண்டும். வீட்டுக்கு வருகிற மின்கம்பி பல பங்களோக்களில் சிம்னிக்குக் கிட்டத்தான் வருகிறது. அதிலிருந்து 3 மீற்றர் தள்ளியே நில்லுங்கள், அலுமினிய ஏணியை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். இடுப்புப் பட்டியும் கயிறும் இல்லாமல் கூரையில் நின்று உளி அடிக்கிறவர்களை எங்கள் ஆட்களிலேயே கண்டிருக்கிறேன். அது கெட்டித்தனம் இல்லை.

வேலைக்கு நல்ல காலம் செப்ரெம்பர் கடைசியும் ஒக்ரோபர் முன்பாதியும். மே தொடக்கம் கோடை முடியும்வரை மூடியில்லாத சிம்னிகளுக்குள் சிம்னி சுவிவ்ற் என்ற சின்னக் குருவி கூடு கட்டும். கனடாவில் அது அழிவு அச்சுறுத்தலில் உள்ள இனம், அதன் கூட்டைக் கலைப்பது சட்டவிரோதம். வசந்தத்தில் றக்கூன் தாயும் குட்டிகளும் உள்ளே இருக்கலாம். டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் மூடவேண்டும்.

மேலே போனதும் உள்ளங்கையை வைத்துக் கிறவுணின் ஒவ்வொரு மூலையையும் அழுத்துங்கள், சுத்தியல் பிடியால் தட்டுங்கள். கணீர் என்று கேட்டு, அசையாமல் இருந்து, வெடிப்பு மெல்லிசாக இருந்தால் பூசினால் போதும். டப்டப் என்று பொள்ளல் சத்தம் கேட்டாலோ, ஒரு துண்டு ஆடினாலோ, ஓரம் உதிர்ந்து செங்கல்லின் ஓட்டை தெரிந்தாலோ உடைத்து வார்க்கத்தான் வேண்டும். நடுவில் மூன்றாவது வழி ஒன்றை எங்கள் ஆட்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்: ஒரு பை மோட்டார் (செங்கல் கட்டுகிற சீமெந்துக் கலவை) வாங்கி வெடிப்புக்கு மேலேயே அப்புவது. அந்த மெல்லிய படை ஒரு குளிர்காலத்தில் அப்பளமாகக் கழன்று கூரைத் தண்ணீர்ப் பீலியில் விழும். கூரைத் தாரும் வேண்டாம்.

பூசுகிற வேலை சுகம். கம்பிப் பிறஸ்ஸால் பாசியையும் இளகின மணலையும் தேய்த்து எடுத்து, கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். 3 மில்லிமீற்றருக்கு மேல் உள்ள வெடிப்பை அந்தப் பூச்சோடு ஒத்துப்போகிற அடைப்பானால் முதலில் நிரப்பவேண்டும். பிறகு கிறவுணுக்கென்றே விற்கிற, றப்பர்போல் இழுபடுகிற பூச்சை வெடிப்புக்குள் குத்திக் குத்திப் பூசி, ஓரத்தைத் தாண்டிக் கீழே இறக்குங்கள். முதல் பூச்சு காய்ந்தபின் குறுக்காக இரண்டாவது. எத்தனை பாகை வெப்பம் வேண்டும், எத்தனை மணித்தியாலம் மழை படக்கூடாது என்பது வாளியில் எழுதியிருக்கும். அதைக் கேட்காமல் நவம்பரில் பூசினால் காசு கரைந்தமாதிரித்தான்.

வார்ப்பதென்றால் முதல் வேலை கீழே: வீட்டைச் சூடாக்குகிற பர்னஸ், சுடுதண்ணீர் ரேங்க் இரண்டில் எது அந்தச் சிம்னியால் புகை விடுகிறதோ அதை நிற்பாட்டுங்கள். புது பர்னஸ் பக்கச் சுவரால் பிளாஸ்ரிக் குழாயில் விடும், ஆனால் ரேங்க் இன்னும் சிம்னியைத்தான் நம்பியிருக்கக்கூடும். பிறகு பழந்துணி திணித்த பையைக் கயிற்றில் கட்டிக் குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். கயிற்றின் மற்ற நுனி வெளியே தெரியவேண்டும்.

பழையதை ஓரத்திலிருந்து குழாயை நோக்கிச் சின்னச் சின்னத் துண்டாக உடையுங்கள். கண்ணாடியும் சிலிக்காத் தூசிக்குப் பொருத்தமான முகமூடியும் கட்டாயம். குழாய்க்குக் கிட்ட வந்ததும் பெரிய சுத்தியலைக் கீழே வைத்துவிடுங்கள், களிமண் ஒரு தட்டில் கீறிவிடும். இளகின செங்கல்லைக் கழற்றித் திரும்ப வைக்க என்-ரைப் (Type N) என்கிற மெதுவான மோட்டார் கலவை போதும். பழைய செங்கல் மெது, கடும் கலவை வைத்தால் செங்கல்தான் உடையும்.

இனி அச்சு. செங்கல்லுக்கு வெளியே நாலு பக்கமும் இரண்டரை அங்குலம் நீட்டுகிறமாதிரிப் பிளைவூட்டை அடியிலும் 2க்கு 4 பலகையைப் பக்கத்திலும் வைத்து, சிம்னியைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். ஊரில் யன்னல் சன்ஷேட்டின் அடியில் தண்ணீர் சுவருக்கு ஓடாமலிருக்க ஒரு காடி விடுவார்களே, அதே காடி இங்கேயும் வேண்டும். செங்கல் முகத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, அடிப்பலகையில் விரல் தடிப்பான மரச்சட்டம் ஒன்றை ஆணியடித்தால் கழற்றும்போது காடி வந்துவிடும். செங்கல்லின் மேல் தடித்த பொலித்தீன் விரியுங்கள், அப்போதுதான் கிறவுண் செங்கல்லோடு ஒட்டாது. குழாயைச் சுற்றி அரை அங்குல நுரைப்பட்டி கட்டுங்கள். இந்தப் பட்டியை மறந்தால் மற்ற எல்லா வேலையும் வீண்.

ஓரத்தில் குறைந்தது 2 அங்குலத் தடிப்பு, குழாயடியில் 4, குழாய் அதற்கு மேல் 2 அங்குலமாவது தெரியவேண்டும். 24க்கு 32 அங்குலச் சிம்னியில் ஒரு குழாய் என்றால் 30 கிலோ கொங்கிறீற் பை நாலு போகும். வெளிவேலைக்கான, உறைபனி தாங்குகிற கலவையாகக் கேட்டு வாங்குங்கள். தோளில் பையோடு ஏணி ஏறாமல், கீழே ஒருவர் குழைக்க வாளியில் கயிற்றால் இழுத்தெடுங்கள். தண்ணீர் குறைவாக: கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், வழியக்கூடாது. மூலைகளைக் கரண்டியால் குத்தி நிரப்பி, சரிவு பிடித்து, நீர் மினுங்கல் போனபின் மட்டம் தேயுங்கள்.

ஈரச் சாக்கும் அதன்மேல் பொலித்தீனும் மூன்று நாளாவது இருக்கட்டும். இரண்டாம் நாள் அச்சைக் கழற்றலாம். அந்தக் கிழமை உறைபனி இல்லை என்று பார்த்துத்தான் வேலையே தொடங்கியிருக்கவேண்டும். காய்ந்தபின் நுரைப்பட்டியின் மேல் பாதியைத் தோண்டி எடுத்து, அந்த இடைவெளியைச் சூடு தாங்குகிற, இழுபடுகிற சீலன்றால் நிரப்புங்கள். குழாயின் மேல் வலை போட்ட ஸ்ரெயின்லெஸ் மூடி ஒன்று பூட்டினால் மழையும் போகாது, றக்கூனும் போகாது. செங்கல்லுக்குப் பெயின்ற் அடிக்கச் சொல்லிக் கதவு தட்டுகிறவர்களை அனுப்பிவிடுங்கள், உள்ளே போன ஈரம் வெளியே வரவேண்டும்.

இறங்கமுதல் கயிற்றை இழுத்து அந்தத் துணிப்பையை வெளியே எடுங்கள். அதற்குப் பிறகுதான் கீழே போய் ரேங்கைப் பற்றவைப்பது. நிற்பாட்டினவரும் பற்றவைக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கட்டும், கார்பன் மொனொக்சைட் நச்சுவாயு அலாரம் வேலை செய்கிறதா என்று பட்டனை அமத்திப் பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள்.