சென்னை வெள்ள நாட்களில் அரசுத் துறைகளின் சமூக ஊடகப் பதிவுகளைப் படிப்பது எப்படி?

மழை இரவில் கைப்பேசிக்கு வந்து சேரும் அறிவிப்பு எதுவாயினும், அதை எந்த அலுவலகம், எந்த நாளில், எந்த நேரத்தில் வெளியிட்டது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த படத்தில் அந்த விவரம் இல்லையென்றால், அந்தத் துறையின் சொந்தக் கணக்கிற்கே சென்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளி விடுமுறை அறிவிப்புகள் ஆண்டுதோறும் மறுபிறவி எடுப்பவை.

வானிலை ஆய்வு மையத்தின் 'சிவப்பு எச்சரிக்கை' மாவட்டத்திற்கு உரியது. உங்கள் தெருவில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதை அது சொல்லாது. 'அடுத்த மூன்று மணி நேரத்திற்கு' என்று வரும் பதிவு, அந்த நேரம் கழிந்ததும் காலாவதியாகிவிடும்.

அதிகக் கவனத்துடன் படிக்க வேண்டியது ஏரித் திறப்பு அறிவிப்பு. உபரி நீரை அடையாற்றில் விடும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு இத்தனை கன அடி என்ற எண்ணை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டாம், ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். முந்தைய பதிவில் இருந்த அளவோடு ஒப்பிட்டு, திறப்பு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது திறப்பு வினாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. அடையாற்றில் ஏரி நீர் மட்டுமல்லாது தாம்பரம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் சேர்வதாலும், கடல் ஏற்றத்தின்போது முகத்துவாரத்தில் வடிதல் தடைபடுவதாலும், திறப்பு மிதமாக இருக்கும்போதே கரையோரத்தில் நீர் ஏறக்கூடும். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருநீர்மலை என்று அறிவிப்பில் எச்சரிக்கப்படும் கரையோர ஊர்களின் பட்டியலைப் பலர் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். என் கணிப்பில் அறிவிப்பின் உயிரே அந்த வரிதான்.

உதவி தேவைப்பட்டால் முதலில் சென்னை மாநகராட்சியின் 1913, மாவட்டத்தின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 ஆகிய எண்களை அழையுங்கள். இணைப்புக் கிடைக்காதபோது மாநகராட்சிக் கணக்கைக் குறிப்பிட்டுப் பதிவிடுங்கள். கதவு எண், தெரு, வார்டு, அருகிலுள்ள அடையாளம், சிக்கியிருப்போர் எண்ணிக்கை, அவர்களுள் முதியோரும் நோயாளிகளும் எத்தனை பேர், நீர் எந்த அளவு நிற்கிறது, பதிவிட்ட நேரம் ஆகியவை ஒரே பதிவில் இருக்க வேண்டும். 'எங்கள் பகுதி மூழ்கிவிட்டது' என்பதை வைத்துப் படகு அனுப்ப முடியாது. உதவி வந்து சேர்ந்ததும், தொலைபேசி எண்ணுடன் கூடிய அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள். 2015-இல் மீட்கப்பட்டவர்களின் பழைய வேண்டுகோள்களும் தொடர்ந்து சுற்றிவந்ததால், தன்னார்வலர்கள் வெற்று வீடுகளைத் தேடிச் செல்ல நேர்ந்தது.