முதல் செயலாராய்ச்சி: புது ஆசிரியர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

பி.எட். படிக்கும்போது மதிப்பெண்ணுக்காக ஒரு செயலாராய்ச்சி செய்திருப்பீர்கள்; அதாவது, சொந்த வகுப்பில் உள்ள ஒரு சிக்கலை ஆசிரியரே ஆராய்ந்து, ஒரு மாற்றம் செய்து, விளைவைப் பார்க்கும் வேலை. பணியில் சேர்ந்த பிறகு, டயட் என்று நாம் சொல்லும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் அதே வேலையைக் கேட்டால், பலர் பழைய அறிக்கையை எடுத்து ஊரையும் வகுப்பையும் மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். சொந்த வகுப்பைக் கேள்வி கேட்டுப் பார்ப்பதுபோல ஓர் ஆசிரியரை வளர்க்கும் பயிற்சி வேறு இல்லை.

முதல் சறுக்கல் தலைப்பிலேயே நடக்கிறது. ‘மாணவர்களின் கற்றல் அடைவில் கைபேசியின் தாக்கம்’ என்பதற்கு ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு விடை காண முடியாது. ‘என் நான்காம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கும்போது யார், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்?’ என்று கேட்டால் ஒரு பருவத்துக்குள் விடை கிடைக்கும்.

அடுத்தது, சிக்கலைப் பார்க்கும் முன்பே தீர்வோடு வருவது. காணொளி காட்டப் போகிறேன், அட்டை செய்யப் போகிறேன் என்று முதலிலேயே முடிவாகிவிடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் நோட்டைத் திறந்து பாருங்கள். ஒரு பிள்ளை 52 − 27 = 35 என்று எழுதியிருக்கிறாள். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிடலாம். அடுத்த கணக்கைப் பாருங்கள்: 81 − 46 = 45. அதற்கடுத்தது: 60 − 34 = 34. மூன்றிலும் ஒரே விதி இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கிறாள், அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ‘எப்படிம்மா போட்டே?’ என்று கேட்டால் அவளே சொல்லிவிடுவாள். இவளுக்குக் கூடுதல் பயிற்சிக் கணக்கு கொடுத்தால் அதே தவறான விதிதான் இன்னும் உறுதிப்படும். பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்து ஒன்றுகளாக்கிக் காட்டுவதுதான் இங்கே தேவை. இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாலே ஆராய்ச்சியில் பாதி முடிந்த மாதிரி.

சரி, குச்சிக்கட்டு, குழு வேலை, காணொளி மூன்றையும் ஒரே வாரத்தில் கொண்டுவந்தால்? பிள்ளைகள் முன்னேறினாலும் எதனால் என்று சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும்.

மாற்றத்துக்கு முன் வைக்கும் முன்தேர்வுக்குக் கொடுத்த அதே வினாத்தாளை, பிறகு வைக்கும் பின்தேர்வுக்கும் கொடுக்காதீர்கள், விடை நினைவிலிருந்து வந்துவிடும். 302 − 147 போல நடுவில் பூஜ்ஜியம் வரும் கணக்கையும் ஒன்றிரண்டு சேருங்கள். பழைய விதியையே பிடித்திருக்கும் பிள்ளை அதற்கு 245 என்று எழுதுவாள். சராசரி உயர்ந்ததைக் காட்டி முடித்துக்கொள்வதும் தவறு. வகுப்புச் சராசரி நன்றாக ஏறும்போதே மூன்று பேர் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அந்த மூன்று பேர் யார் என்பதுதான் அடுத்த சுற்றுக்கான கேள்வி. 1946-இல் உளவியலாளர் கர்ட் லெவின் செயலாராய்ச்சியைப் பற்றி எழுதியபோதே, திட்டமிடுவது, செய்வது, விளைவைப் பார்ப்பது, திரும்பத் திட்டமிடுவது என்று சுற்றுச்சுற்றாகப் போகும் வேலையாகத்தான் விவரித்தார்.

குறிப்புகளை மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதாதீர்கள். பாடவேளை முடிந்ததும் நான்கு வரி எழுதினால் போதும், பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே. அப்புறம், தனியாகவே செய்துகொண்டிருக்காதீர்கள். மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் அந்த நோட்டைக் காட்டினால், தான் கழித்தலை எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று சொல்வார். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்திலும் அதைப் பேசலாம். முயற்சி பலிக்கவில்லை என்றால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள். பலித்ததுபோல எண்ணைத் திருத்தினால், அதை நம்பி இன்னொரு பள்ளியில் ஒருவர் தன் வகுப்பு நேரத்தை இழப்பார்.

கடைசியாக, எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று. அறிக்கையில் பிள்ளைகளின் உண்மைப் பெயர் வேண்டாம், மா1, மா2 என்று குறித்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரின் ஒப்புதலை ஆரம்பத்திலேயே வாங்கிவிடுங்கள், பெற்றோரிடமும் சொல்லுங்கள். ‘மெல்லக் கற்போர்’ என்று தலைப்பிட்டுப் பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். அந்தப் படத்தை அவர்களும் பார்ப்பார்கள்.