சேமநிதிக் கணக்கை 15ஆம் தேதிக்குப் பின் பாருங்கள்

கோலாலம்பூரில் மொழி கற்பிக்கும் வெளிநாட்டு ஆசிரியர்கள், மாதந்தோறும் 15ஆம் தேதி கழிந்ததும் ஊழியர் சேமநிதி வாரியத்தின் ஐ-அக்காவுன் (i-Akaun) செயலியைத் திறந்து, முந்தைய மாதச் சம்பளச் சீட்டில் பிடிக்கப்பட்ட சேமநிதித் தொகை தங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து, மலேசியக் குடியுரிமை இல்லாத ஊழியர்களுக்கும் சேமநிதிச் சந்தா கட்டாயமாகியுள்ளது. ஊழியர் 2 விழுக்காடும் முதலாளி 2 விழுக்காடும் செலுத்த வேண்டும். சம்பளம் 5,000 ரிங்கிட் என்றால் சீட்டில் 100 ரிங்கிட் பிடித்தம் இருக்கும், கணக்கிலோ 200 ரிங்கிட் ஏறியிருக்க வேண்டும். பலர் இந்த இரண்டாவது நூறைக் கவனிப்பதே இல்லை. முதலாளி பணம் கட்டுவதற்கு அடுத்த மாதம் 15ஆம் தேதி வரை அவகாசம் உண்டு என்பதால், அதற்கு முன் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. வேலையை முடித்துக்கொண்டு நாட்டைவிட்டே வெளியேறும்போது இச்சேமிப்பை விண்ணப்பித்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விடுபட்ட மாதங்களைப் புறப்படும் வாரத்தில் தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.

ஊழியராக அல்லாமல் சுயதொழிலாகத் தனி வகுப்பு எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது. நிரந்தரவாசத் தகுதி பெற்றவர்களுக்குச் சந்தா விகிதம் வேறு.