ராணுவத்திலிருந்து விடைபெறுபவரைப் பயிற்சிக்கு எடுக்கிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

அமெரிக்காவில் ஏ.சி., மின்சாரம், குழாய் வேலைகளைச் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு நல்ல ஆள் கிடைப்பதே பெரும்பாடு. அதனால்தான் ‘ஸ்கில்பிரிட்ஜ்’ திட்டம் பல முதலாளிகளின் கண்ணில் படுகிறது. இத்திட்டத்தின்படி ராணுவப் பணியின் கடைசி 180 நாட்களுக்குள் ஒருவர் தனியார் நிறுவனத்தில் வேலை பழகலாம். அந்த நாட்களுக்கும் சம்பளம், மருத்துவ வசதி எல்லாவற்றையும் ராணுவமே பார்த்துக்கொள்ளும்.

பெரிய தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. சம்பளம் கேட்காத ஆள்தானே என்று வேன் கழுவவும் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவரவும் விட்டுவிடுகிறார்கள். எடுபிடி வேலைக்காக யாரும் இதில் சேருவதில்லை. பயிற்சி முடிந்ததும் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் வருகிறார்கள். வேலை தந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் காலியிடமே இல்லாதபோது ஆளை எடுப்பது நேர்மையல்ல. எந்த வாரம் எதைக் கற்பிப்பது, எந்த மூத்த மெக்கானிக்குடன் அனுப்புவது என்பதை அவர் வருமுன்பே எழுதிவையுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறையும் நல்ல மனம் படைத்தவர்கள் செய்கிறார்கள்: நன்றாக உழைக்கிறாரே என்று கையில் பணம் கொடுப்பது. பயிற்சிக் காலத்தில் அவர் உங்களிடம் ஊதியம் பெறக்கூடாது.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: அவர் இன்னும் படைவீரர்தான். கட்டளை அதிகாரி கையெழுத்திட்டால்தான் வரமுடியும். சில பிரிவுகளில் பதவி உயர உயர அனுமதிக்கும் நாட்கள் குறையும். 180 நாளும் கிடைக்கும் என்று எண்ணிக் கோடைக்கால வேலைகளை ஒப்புக்கொள்ளாதீர்கள். திட்டத்தில் சேர உங்கள் நிறுவனத்துக்கும் பாதுகாப்புத் துறையுடன் ஒப்பந்தம் வேண்டும். அது கடினமாக இருந்தால், படைவீரர்களுக்கு வேலை தேட உதவும் ‘ஹைரிங் அவர் ஹீரோஸ்’ போன்ற அமைப்பின் வழியாக ஆளை ஏற்க முடியுமா என்று விசாரியுங்கள்.

அனுபவத்தையும் உரிமத்தையும் குழப்பிக்கொள்வதுதான் எனக்கு மிக ஆபத்தாகத் தோன்றுகிறது. கடற்படையின் ‘சீபீ’ கட்டுமானப் பிரிவில் மின்பணியாளராக இருந்தவருக்குக் கைத்திறன் நிச்சயம் இருக்கும். அதற்காக அவரை ஒரு வீட்டுக்குத் தனியே அனுப்பிவிட முடியாது. டெக்சாஸில் மின்பணிப் பயிலுநருக்கே மாநில உரிமம் தேவை. பயிலுநர் நிலையைத் தாண்டிய ‘ஜர்னிமேன்’ மின்பணியாளர் ஆக 8,000 மணி நேரப் பயிற்சி வேண்டும். ராணுவ அனுபவத்தில் எவ்வளவு கணக்கில் வரும் என்பதை உரிம அலுவலகத்திடம் முதல் வாரத்திலேயே கேளுங்கள். ஏ.சி. வேலையென்றால் குளிரூட்டி வாயுவைக் கையாள மத்திய அரசின் 608 சான்றிதழ் அவசியம். பயிற்சிக் காலத்திலேயே அந்தத் தேர்வை எழுதவைத்துவிடலாம்.

குடும்பம் எங்கே குடியேறப்போகிறது என்றும் நேர்முகத்திலேயே கேளுங்கள். சான் டியேகோவில் பழக்கிய ஆள் சொந்த ஊரான ஒஹாயோவுக்குப் போய்விட்டால், பலன் அங்கிருக்கும் உங்கள் போட்டியாளருக்கு. போர்க்களக் கதை கேட்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.

கடைசியில் சம்பளப் பேச்சில் பலர் கோட்டைவிடுகிறார்கள். ராணுவத்தில் அவருக்கு வரியில்லாத வீட்டுப்படி இருந்தது. தொடக்கநிலைக் கூலியை மட்டும் சொன்னால் அவர் மனைவிகூட ஒப்புக்கொள்ளமாட்டார். மாநில அங்கீகாரம் பெற்ற தொழிற்பயிற்சியாக உங்கள் வேலை இருந்தால், 9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் (படைவீரர்களுக்கான அரசின் கல்வி, பயிற்சி உதவி) தகுதி உள்ளவருக்குக் கூலியோடு மாதாந்திர வீட்டுப்படியும் கிடைக்கும்: முழுத் தகுதி இருந்தால் முதல் ஆறு மாதம் முழுத்தொகை, அடுத்த ஆறு மாதம் 80 சதவீதம், பிறகு படிப்படியாகக் குறையும். அந்த அங்கீகாரத்துக்கான விண்ணப்பத்தை, அவர் இன்னும் ராணுவச் சம்பளத்தில் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள்.