சிங்கீதம் சீனிவாச ராவ் படங்கள்: பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சிங்கீதத்தின் சிறந்த படங்கள் எவை என்று கேட்டால் 'பேசும் படம்', 'அபூர்வ சகோதரர்கள்', 'மைக்கேல் மதன காம ராஜன்' என்று மூன்று பெயர்கள் உடனே வந்துவிடும். மூன்றும் அருமையான படங்கள். ஆனால் 1972இல் இயக்கத் தொடங்கியவர் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று படம் எடுத்துக்கொண்டே இருந்தார். அதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர் யார் என்பதே பிடிபடாது.

பெரிய தவறு, இவற்றைக் கமல் படங்களாக மட்டும் பார்ப்பது. கமலின் திரைக்கதையும் கிரேஸி மோகனின் வசனமும் இல்லாமல் 'மைக்கேல் மதன காம ராஜன்' இல்லைதான். சரி, இயக்குநர் என்ன செய்தார்? கடைசிப் பகுதியை இன்னொரு முறை பாருங்கள். மலை விளிம்பில் ஆடும் ஒரு வீட்டுக்குள் ஒரே முகத்தோடு நான்கு பேர், அவர்களைச் சுற்றி ஒரு கூட்டம். படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் குழம்புகிறார்கள், நாம் ஒரு நொடிகூடக் குழம்புவதில்லை. யார் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், யாரை எப்போது மறைக்க வேண்டும் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கு சிங்கீதத்தின் கை.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கமல் குள்ளனாக வரும் 'அப்பு'வை எப்படி எடுத்தார்கள் என்பதிலேயே நின்றுவிடுவது. தரையில் பள்ளம் தோண்டினார்கள், முழங்காலில் செருப்பு மாட்டினார்கள் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். 'உன்ன நெனச்சேன்' பாட்டு வரும்போது நமக்கு அந்தப் பள்ளமா ஞாபகம் வருகிறது? காதல் தோற்றுப்போன ஒரு மனிதன் மட்டும்தானே தெரிகிறான். வித்தை நம் கண்ணுக்கு மறைந்துபோன அந்த இடத்தில்தான் படம் ஜெயிக்கிறது.

'பேசும் படம்' (1987, கன்னடத்தில் 'புஷ்பக விமானா') ஊமைப்படம் என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறாது. அதில் வசனம்தான் இல்லை, ஒலி நிறையவே இருக்கிறது. ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். வேலையில்லாத நாயகன் குடியிருப்பது ஒரு சினிமா தியேட்டரை ஒட்டிய அறையில். ராத்திரி முழுக்கச் சண்டைக்காட்சிச் சத்தம், அதிலேயே தூங்கிப் பழகியவன். ஒரு பணக்காரரின் இடத்தைப் பிடித்து நட்சத்திர ஹோட்டலுக்குப் போகிறான். மெத்தை இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது, தூக்கம் வரவில்லை. பழைய இடத்துக்கே போய் அந்தத் தியேட்டர் சத்தத்தை டேப் ரெக்கார்டரில் பதிந்து வந்து, ஹோட்டலில் ஓடவிட்டுத் தூங்குகிறான். ஒரு ஏழையின் உடம்பு எதற்குப் பழகியிருக்கிறது என்பதை ஒரு வார்த்தை இல்லாமல், காதால் மட்டுமே சொல்லிவிடுகிறார். அதனால் இந்தப் படத்தை ஒலியைக் குறைத்துவைத்தோ போனைப் பார்த்துக்கொண்டோ பார்க்காதீர்கள். வசனம் இல்லாததால் கண்ணை எடுத்த நிமிடம் கதை நழுவிவிடும்.

இங்கேதான் சிங்கீதத்தின் வழி எனக்குப் புரிந்தது. அவருக்கென்று ஒரே பாணி தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கட்டுப்பாட்டைத் தனக்குத்தானே போட்டுக்கொள்கிறார். ஒன்றில் யாரும் பேசக்கூடாது, ஒன்றில் நாயகன் குள்ளன், ஒன்றில் ஒரே முகம் நாலு பேருக்கு. 'மகளிர் மட்டும்' (1994) படத்தில் நாகேஷுக்குக் கொடுத்தது பிண வேடம். அந்தக் காட்சிகளின் சிரிப்பை அசையாமல் கிடக்கும் அவரைச் சுற்றியே கட்டியிருக்கிறார். கமல் தயாரித்த அந்தப் படத்தைத் தாங்குவது ரேவதியும் ஊர்வசியும் ரோகிணியும்தான்.

அடுத்த தவறு, அவருடைய தமிழ்ப் படங்களோடு நின்றுவிடுவது. இவர் 'மாயாபஜார்' எடுத்த கே.வி. ரெட்டியிடம் உதவி இயக்குநராக இருந்தவர். அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசனை தெலுங்குப் படங்களில்தான் அதிகம். 'ஆதித்யா 369' (1991) கால இயந்திரத்தில் ஏறிக் கிருஷ்ணதேவராயர் காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் போகிறது. அதில் விஞ்ஞானியாக வரும் டினு ஆனந்த்தான் 'பேசும் பட'த்தில் பனிக்கட்டிக் கத்தியோடு அலைந்த கொலைகாரர். 'பைரவ த்வீபம்' (1994) பாட்டி சொன்ன ராஜகுமாரன் கதை மாதிரி. கன்னடத்தில் ராஜ்குமாரை வைத்து 'ஹாலு ஜேனு' உள்ளிட்ட குடும்பப் படங்கள். முடிந்தவரை டப்பிங்கைத் தவிர்த்து மூலத்தையே சப்டைட்டிலோடு பாருங்கள்.

நகைச்சுவை இயக்குநர் என்று முத்திரை குத்துவதும் தவறுதான். ராஜாஜியின் கதையை 1974இல் 'திக்கற்ற பார்வதி'யாக எடுத்தவர் இவர். குடி ஒரு உழவர் குடும்பத்தை எப்படிக் குலைக்கிறது என்பதைச் சொல்லும் அந்தப் படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. லட்சுமியின் நடிப்புக்காகவே பார்க்கலாம்.

வசூலை வைத்து ஒதுக்கவும் வேண்டாம். கமலின் நூறாவது படமான 'ராஜ பார்வை' (1981) அப்போது ஓடவில்லை. கண் தெரியாத வயலின் கலைஞனின் காதலைப் பரிதாபமே கலக்காமல் சொன்ன படம் அது. பேத்தியின் காதலுக்குத் துணைநிற்கும் தாத்தாவாகப் பழம்பெரும் இயக்குநர் எல்.வி. பிரசாத் வருவார். அவருக்காக ஒரு முறை, 'அந்தி மழை பொழிகிறது' பாட்டுக்காக ஒரு முறை பார்க்கலாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், முதலில் 'பேசும் படம்'. மொழி தெரியாதவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது நகைச்சுவைப் படமாக வேண்டாம், தெலுங்கு 'மயூரி' (1985) பாருங்கள். விபத்தில் ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு மறுபடி மேடை ஏறிய சுதா சந்திரனின் கதை. அவர் வேடத்தில் வேறு நடிகையைப் போடாமல் அவரையே நடிக்க வைத்தார் சிங்கீதம். நடனக் காட்சிகளில் நாம் பார்ப்பது அவருடைய அதே கால்.