பழைய அவுட்போர்டு இன்ஜின் தூக்க மறுத்தால்: சிலிண்டரில் கை வைக்கும் முன்

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினைத் தண்ணீரிலிருந்து தூக்கி இறக்க மோட்டார், பம்ப், சிலிண்டர் கொண்ட ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும்) அமைப்பு இருக்கும். பட்டனை அழுத்தினால் இன்ஜின் அசைய மாட்டேன் என்கிறது, இல்லையென்றால் தூக்கிவிட்டுச் சற்று நேரத்தில் தானாக இறங்கிவிடுகிறது. உடனே பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டி மொத்த யூனிட்டையும் வாங்கக் கிளம்பாதீர்கள். பழைய இன்ஜின்களில் கோளாறு பெரும்பாலும் துருப்பிடித்த வயர், ரிலே (மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் சுவிட்ச்), குறைந்துபோன ஆயில், தேய்ந்த ஓ-ரிங் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) என்று சின்ன இடங்களில்தான் இருக்கும்.

முதலில் பாதுகாப்பு. இன்ஜின் தூக்கிய நிலையில் இருந்தால் அதைப் பிடித்து நிறுத்தும் டில்ட் லாக்கைப் போட்டு, அதையும் நம்பாமல் கயிறு கட்டியோ கட்டை கொடுத்தோ நன்றாகத் தாங்க வையுங்கள். ஹைட்ராலிக்கைத் திறந்த நொடியில் அந்த எடை முழுவதும் கீழே வரும், விரல் மாட்டினால் அவ்வளவுதான்.

சரி, இப்போது காதைத் தீட்டிக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் இன்ஜின் தூக்கவில்லை என்றால் ஆயில் பக்கம் பாருங்கள். 'டிக்' என்று மட்டும் கேட்டாலோ சத்தமே இல்லை என்றாலோ மின்சாரப் பக்கம்.

மின்சாரத்தில் பேட்டரி முனை, ஃபியூஸ், எர்த் வயர் மூன்றையும் உப்புத்தாளால் சுத்தம் செய்யுங்கள். மேலே தூக்க ஒரு ரிலே, இறக்க ஒரு ரிலே இருக்கும், இரண்டும் ஒரே மாதிரியானவை என்றால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் சேர்ந்து இடம் மாறினால் ரிலேதான் காரணம். அப்புறம் மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். பல இன்ஜின்களில் நீல வயர் தூக்க, பச்சை இறக்க. இரண்டு வயர் மோட்டாரில் நீலத்துக்கு பாசிட்டிவ், பச்சைக்கு நெகட்டிவ் கொடுத்தால் தூக்க வேண்டும், மாற்றிக் கொடுத்தால் இறங்க வேண்டும். மூன்றாவதாகக் கறுப்பு வயரும் இருந்தால் அது எப்போதும் நெகட்டிவ். தீப்பொறி வரும், பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் இதைச் செய்யவே கூடாது.

ஆயில் பக்கம்தான் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். இன்ஜின் முழுதாக மேலே இருக்கும்போது மட்டுமே ஆயில் மூடியைத் திறக்க வேண்டும், கீழே இருக்கும்போது திறந்தால் அழுத்தத்தில் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். மோட்டார் ஓடியும் தூக்காத இன்ஜினை எப்படி மேலே கொண்டுவருவது? இன்ஜினைப் படகில் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் பக்கவாட்டில், ஆயில் அழுத்தத்தை விடுவிக்க இருக்கும் மேனுவல் ரிலீஸ் ஸ்க்ரூவைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி (முழுதாகக் கழற்றக் கூடாது), கையால் தூக்கி, லாக் போட்டு, ஸ்க்ரூவை மறுபடி இறுக்குங்கள். ஸ்க்ரூ தளர்ந்த நிலையிலும் கையால் அசையவில்லை என்றால் கோளாறு ஹைட்ராலிக்கிலேயே இல்லாமல் இருக்கலாம்: இன்ஜின் ஏறி இறங்கும் அச்சுக் குழாயான டில்ட் டியூப் துருவேறி இறுகியிருக்கும். அதற்குத் துரு இளக்கும் எண்ணெயும் கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் புதுக் கிரீஸும் பொறுமையும் வேண்டும்.

மூடியைத் திறந்ததும் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மொத்தத்தையும் வடித்துவிடுங்கள். இன்ஜின் கையேடு சொல்லும் ஆயிலை மட்டும் துளையின் விளிம்பு வரை ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் ரப்பர் ஊதி எல்லா ஓ-ரிங்கும் கெட்டுவிடும், தயவுசெய்து வேண்டாம். மூடியைப் போட்டு நாலைந்து முறை ஏற்றி இறக்கி, காற்று வெளியேறியதும் அளவைத் திரும்பப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தானாக இறங்கினால் முதல் சந்தேகம் அந்த ரிலீஸ் ஸ்க்ரூவில் (ரிலீஸ் வால்வு) இருக்கும் ஓ-ரிங். சின்னச் செலவு, அரை மணி நேர வேலை. இன்ஜினை நன்றாகத் தாங்க வைத்து, இந்த வேலைக்கு மட்டும் ஸ்க்ரூவை மெதுவாக முழுதாக வெளியே எடுத்து, ரிங் நசுங்கியோ வெட்டுப்பட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். புதிய ரிங்கை அதே ஆயிலில் நனைத்துப் போடுங்கள், உலர்ந்த ரிங் ஏறும்போதே கிழியலாம்.

அதிலும் தீராவிட்டால்தான் சிலிண்டர். அதைத் திறந்து உள்ளே இருக்கும் சீல்களை மாற்ற வேண்டும். சிலிண்டர் மூடியில் இரண்டு துளைகள் தெரிந்தால் அதற்கென்றே உள்ள பின் ஸ்பேனர் தேவை, உளியும் சுத்தியலும் வைத்து அடித்தால் துளை சிதைந்து பிறகு எதுவும் பிடிக்காது. சிலிண்டருக்குள் போய்வரும் ராம் தண்டில் குழிக்குழியாகத் துரு அரித்திருந்தால் தண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், அந்தக் குழிகள் புது ஆயில் சீலையும் சீக்கிரமே தின்றுவிடும். மாட்டி முடித்ததும் இன்ஜினைப் பாதி உயரத்தில் நிறுத்தி, ராம் தண்டில் சிலிண்டர் வாயை ஒட்டி ஒரு டேப் ஒட்டி, கீழே ஆள் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் டேப் நகரவில்லை என்றால் படகைத் தண்ணீரில் இறக்கலாம்.